நாய்களின் நோயும் ஊர் நலமும்

(ஊராட்சி ஒன்றியக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலையைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் தெருவிளக்கைப் பற்றியும் இதுவரை பேசினோம். இனி நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது நாயைப் பற்றி. இதைக் கேட்டதும் சிலர் புன்முறுவல் பூப்பது தெரிகிறது. "மாட்டுக்கும் ஆட்டுக்கும் முகாம் போடுகிறார்கள், சரி, நாய்க்குமா ஒரு பிரசங்கம்?" என்று நினைப்பது இயல்பே. ஆயினும் நாயின் நலம் நாயோடு நிற்பதன்று. அது கன்றையும் கறவையையும், கடைசியில் தொட்டிலிற் கிடக்கும் குழந்தையையும் வந்து தொடுவது. அதனாலேயே இப்பொருளை இம்மன்றத்தின் முன் வைக்கிறோம்.

களத்து மேட்டில் நெல்லுக்குக் காவல், தோட்டத்தில் பம்பு செட்டுக்குக் காவல், ஆட்டுக்கிடைக்கு இரவெல்லாம் காவல் என்று நாய் நமக்குச் செய்யும் ஊழியம் கொஞ்சமன்று. இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்று நம் ஊர்களின் பெயரையே தாங்கிய நாயினங்கள் நமக்குண்டு. ஆனால் அந்த நாய்க்கு நாம் தருவது மிஞ்சிய சோறு ஒன்றுதான். மாட்டுக்கு ஒரு வேளை தீனி இறங்காவிட்டால் மருத்துவரைத் தேடி ஓடும் நாம், நாய் மூன்று நாள் சுருண்டு கிடந்தாலும் "தானே தேறிவிடும்" என்று இருந்துவிடுகிறோம்.

ஒரு மனுவின் கதை

சில ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு வட்டாரத்தில் நாங்கள் பணியாற்றியபோது நடந்ததைச் சொல்கிறோம். ஒரு குக்கிராமத்து விவசாயி எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மனுக் கொடுத்தார். தெருநாய் ஒன்று நிலைகொள்ளாமல் திரிகிறது, வாயில் எச்சில் ஒழுகுகிறது, இரண்டு ஆடுகளைக் கடித்துவிட்டது என்பது மனுவின் சாரம். "கால்நடை மருந்தகத்துக்கு அனுப்புக" என்று குறிப்பெழுதி அதைக் கோப்பில் வைத்தோம். கோப்பு மேசையை விட்டு நகர்வதற்குள் ஒரு வாரம் கழிந்தது. அதற்குள் அந்த நாய் இறந்துபோயிற்று. ஊரார் அதை இழுத்து ஓடையில் எறிந்தார்கள். நாய் செத்தது, தொல்லை விட்டது என்று ஊரும் மறந்தது, நாங்களும் மறந்தோம்.

ஒன்றரை மாதம் சென்றபின், மனுக் கொடுத்த விவசாயியின் கறவை மாடு தீனியை விட்டது. ஓயாமல் அடித்தொண்டையிற் கத்தியது; எச்சில் நூலாக ஒழுகியது. பனங்கொட்டை ஏதோ தொண்டையில் சிக்கியிருக்கிறது என்று எண்ணி அவர் மாட்டின் வாயைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். அவர் தம்பியும் பார்த்தார். மாடு பிழைக்கவில்லை. நல்ல வேளையாக, பார்க்க வந்த கால்நடை மருத்துவர் இது வெறிநோய் என்று ஐயுற்று, மாட்டைத் தொட்டவர் அனைவரையும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினார். அவர்கள் எல்லாரும் இன்றும் நலமாக இருக்கிறார்கள்.

ஆனால் அன்று பெரியவர்களை மட்டும் கேட்டோம். குழந்தைகளை ஒருவரும் கேட்கவில்லை. அதே தெருவில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை அந்த நாய் காலிற் பிறாண்டிப் பல் பதித்திருந்தது. வீட்டில் அடி விழும் என்று அஞ்சி அவன் சொல்லவில்லை. சிறு காயம், தானே ஆறியும்விட்டது. மாடு இறந்த மூன்றாம் வாரம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. தண்ணீர்க் குவளையைக் கண்டதும் உடல் நடுங்கியது. அதன்பின் அவன் நான்கு நாள்கூட இருக்கவில்லை.

அது நாய் செய்த குற்றம் என்று நாம் சொல்ல மாட்டோம். நோயை அறியாத ஊரின் குற்றம். மனுவைக் கோப்பில் வைத்த எங்கள் குற்றம். அக்குற்றம் இவ்வட்டாரத்தில் இன்னொரு முறை நேரலாகாது.

நலமுள்ள நாயை முதலில் அறிவோம்

நோயை அறிய வேண்டுமானால் நலத்தை அறிந்திருக்க வேண்டும். நலமுள்ள நாயின் கண் தெளிவாக இருக்கும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். மயிர் பளபளப்பாகப் படிந்திருக்கும். வைத்த சோற்றை விரும்பி உண்ணும். அழைத்த குரலுக்குக் காதை நிமிர்த்தும். அதன் உடற்சூடு நம்முடையதைவிடச் சற்று மிகுதி. ஏறக்குறைய 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இருப்பது இயல்பு. ஆகவே தொட்டுப் பார்த்துச் சுடுகிறது என்பதனால் மட்டும் காய்ச்சல் என்று முடிவு கட்டலாகாது. மூக்கு உலர்ந்திருந்தால் நோய் என்பதும் முழு உண்மையன்று; வெயிலிற் படுத்தெழுந்த நாய்க்கும் மூக்கு உலரும்.

சோற்றை மறுத்தல், ஓயாத வாந்தி, கழிச்சல், ஈறு வெளுத்தல், இருமல், நடை தள்ளாடுதல், இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் குணம் மாறுதல் ஆகியவையே கவனிக்க வேண்டிய அடையாளங்கள். சாதுவான நாய் சீறினாலும், துள்ளித் திரிந்த நாய் இருட்டு மூலையில் ஒதுங்கினாலும் ஏதோ நேர்ந்திருக்கிறது என்று பொருள். நாயை நாள்தோறும் பார்க்கும் வீட்டார்க்கே இம்மாற்றம் முதலில் தெரியும். மருத்துவர் பின்னர்தான் வருகிறார்.

வயிற்றுப் பூச்சி

நம் ஊர் நாய்க்குட்டிகளில் மிகச் சாதாரணமாகக் காணும் தொல்லை வயிற்றுப் பூச்சி. தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்கு உருண்டைப் புழு தொற்றிவிடுகிறது. கைகால் மெலிந்து வயிறு மட்டும் பானை போல் உப்பியிருக்கும் குட்டியைப் பார்த்து "நன்றாகத் தின்கிறது" என்று மகிழ்வோர் உண்டு. அது கொழுப்பன்று; புழு. கொக்கிப் புழுவோ குடலிற் பற்றி இரத்தத்தை உறிஞ்சுவது. ஈறு வெளுத்துக் குட்டி சோர்ந்து சாகும்.

குட்டி பிறந்த 2-ஆம் வாரத்திற் பூச்சி மருந்தைத் தொடங்கி, 3 மாதம் ஆகும்வரை 2 வாரத்துக்கு ஒரு முறையும், பின் 6 மாதம்வரை மாதம் ஒரு முறையும், அதன்பிறகு 3 மாதத்துக்கு ஒரு முறையும் கொடுப்பது நலம். மருந்தின் அளவு குட்டியின் எடையைப் பொறுத்தது. ஆகவே கால்நடை மருந்தகத்திற் கேட்டே கொடுக்க வேண்டும். நாயின் மலம் விழுந்த மண்ணில் வெறுங்காலோடு விளையாடும் குழந்தைகளுக்கும், மண் அளைந்த கையோடு சோறு உண்ணும் குழந்தைகளுக்கும் இப்புழுக்கள் தொற்றுவதுண்டு.

இறைச்சிக் கடைகள் உள்ள ஊர்களுக்கு ஒரு சொல். அறுத்த ஆட்டின் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி இருப்பதைக் கண்டால் அதை நாய்க்கு வீசுவது வழக்கமாக இருக்கிறது. அக்கட்டியைத் தின்ற நாயின் குடலில் சிறு நாடாப்புழு வளர்கிறது. அதன் முட்டை புல்லிலும் நீரிலும் கலந்து மீண்டும் ஆட்டுக்கும் மாட்டுக்கும், மனிதர்க்கும் செல்கிறது. மனிதர் ஈரலிலும் கட்டி வளர்கிறது. ஆகவே அத்தகைய உறுப்புகளை ஆழப் புதைத்தல் அல்லது எரித்தல் வேண்டும்.

சொறியும் உண்ணியும்

காதோரத்திலும் முழங்கை மூட்டிலும் மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, பொருக்குத் தட்டி, இரவும் பகலும் சொறிந்துகொண்டு திரியும் நாயை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி தோலுக்குள் வளை தோண்டுவதால் வருவது இது. ஒரு நாயிடமிருந்து மற்றொன்றுக்கு விரைவிற் பரவும். நாயைக் கட்டி அணைக்கும் குழந்தைக்கும் சில நாள் அரிப்பைத் தரும்.

இதற்கு வண்டியிலிருந்து கழித்த கறுப்பு எண்ணெயைப் பூசுவது பல ஊர்களில் வழக்கம். அன்பர்களே, இவ்வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுவோம். நாய் தன் உடலை நக்கும் பிராணி. அந்த எண்ணெய் தோலை வேகவைப்பதோடு வயிற்றுக்குள்ளும் சென்று நஞ்சாகிறது. மருத்துவர் தரும் ஊசியாலோ மாத்திரையாலோ சில வாரங்களிற் குணமாகும் நோய்க்கு இத்தனை சித்திரவதை எதற்கு? மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கேளாமல் நாய்க்குத் தடவுவதும் ஆபத்தே.

கண்ணுக்குத் தெரியும் பெரிய உண்ணி இரத்தத்தைக் குடிப்பதோடு நில்லாமல் இரத்தத்தில் நோய்க்கிருமியையும் செலுத்துகிறது. விடாத காய்ச்சல், ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம் கசிதல், சிறுநீர் கறுத்துப் போதல் ஆகியவை அதன் அறிகுறிகள். பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் வெடிப்பிலும் கொட்டகைக் கூரையிலும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. ஆதலால் நாயை மட்டும் கவனித்தாற் போதாது. அது படுக்கும் இடத்துச் சுவரின் வெடிப்புகளை அடைத்துச் சுண்ணாம்பு பூச வேண்டும். சாக்கை வெந்நீரில் அலசி வெயிலிற் காயவைக்க வேண்டும்.

குட்டிகளைக் கொள்ளை கொள்ளும் நோய்கள்

1978-ஆம் ஆண்டை ஒட்டிப் பல நாடுகளில் தலைகாட்டிய பார்வோ என்னும் நச்சுயிரி நோய் இன்று நம் ஊர்களிலும் குட்டிகளை வாரிக்கொண்டு போகிறது. நேற்றுவரை விளையாடிய குட்டி இன்று வாந்தியெடுக்கும். நாற்றம் மிகுந்த இரத்தக் கழிச்சல் காணும். உடலின் நீர் வற்றி இரண்டு மூன்று நாட்களில் இறந்துவிடும். உடனே மருத்துவரிடம் கொண்டுசென்று நரம்பு வழியாக நீரேற்றினாற் பல குட்டிகள் பிழைக்கும். ஒரு நாள் தாமதித்தாலும் அரிது. இந்நச்சுயிரி மண்ணிற் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆகவே குட்டி இறந்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவ வேண்டும். தடுப்பூசி போடாத புதுக் குட்டியை அங்கே கொண்டுவரலாகாது.

டிஸ்டெம்பர் என்பது மற்றொன்று. கண்ணிலும் மூக்கிலும் சீழ் ஒழுகுதல், காய்ச்சல், இருமல் என்று தொடங்கி, பின்னர் தலையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும், வலிப்பு வரும். இதை வெறிநோயோடு மயங்குவோர் பலர். எதுவென்று வீட்டில் தீர்மானிக்க முயலாமல், கை படாமல் விலகி நின்று மருத்துவரை அழைப்பதே அறிவுடைமை.

இவ்விரண்டுக்கும் சேர்த்துத் தடுப்பூசி இருக்கிறது. குட்டிக்கு 6 முதல் 8 வாரம் ஆகும்போது முதல் ஊசி; பின் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறையாக 16 வாரம்வரை போட்டுக்கொள்ள வேண்டும்.

வெறிநோய்

இனி எல்லாவற்றிலும் கொடிய வெறிநோய்க்கு வருவோம். வெறிநாயின் எச்சிலில் உள்ள நச்சுயிரி கடிவாய் வழியே உடலிற் புகுந்து, நரம்பைப் பற்றி மெல்ல மூளையை நோக்கி நடக்கிறது. சில வாரம் ஆகலாம். பல மாதமும் ஆகலாம். மூளையை அடைந்து அறிகுறி தோன்றிவிட்டால் பிழைத்தவர் மிக மிக அரியர். உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் நாட்டுப்புற ஏழை மக்கள்; பத்தில் நால்வர் 15 வயது நிரம்பாத குழந்தைகள். மனிதர்க்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயால் வருவது.

வெறிநோய் இரண்டு வடிவிற் காணும். ஒன்று எல்லாரும் அறிந்த மூர்க்க வெறி. நாய் கண் சிவந்து, குரல் மாறி, எதிர்ப்பட்டதையெல்லாம் கடித்துக்கொண்டு இலக்கின்றி ஓடும். மற்றொன்று ஊமை வெறி. இதுவே நம்மை ஏமாற்றுவது. நாய் ஓடாது, குரைக்காது. இருட்டில் ஒதுங்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், விழுங்க முடியாது. எலும்பு சிக்கியிருக்கிறது என்று இரக்கப்பட்டு வாயில் கையை விடுபவர் தம்மை அறியாமலே ஆபத்தைத் தேடிக்கொள்கிறார். மாட்டிலும் இதே மயக்கம் நேர்கிறது என்பதை மேலே சொன்ன கதையிற் கண்டோம்.

"வெறிநாய் தண்ணீருக்கு அஞ்சும், இது தண்ணீர் குடிக்கிறதே, ஆகவே வெறியில்லை" என்ற நம்பிக்கை தவறு. நீரைக் கண்டு அஞ்சுவது நோயுற்ற மனிதர்க்கு வரும் அறிகுறி. வெறிநாய் நீரில் இறங்கவும் கூடும். "குட்டிதானே கடித்தது" என்று அலட்சியமாக இருப்பதும் தவறு. குட்டிக்கும் வெறிநோய் வரும்.

கடி பட்டால் என்ன செய்வது?

முதலில் ஓடும் நீரிற் சோப்புப் போட்டுப் புண்ணை 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். வீட்டுக் குழாயோ, தோட்டத்துப் பம்பு செட்டோ எது அருகிலிருக்கிறதோ அங்கேயே இதைச் செய்யலாம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், எண்ணெய் எதையும் அப்பலாகாது. துணியால் இறுகக் கட்டவும் கூடாது. மந்திரிப்பதற்கும் வேர் கட்டுவதற்கும் ஒரு நாள்கூடச் செலவிடலாகாது.

அடுத்து, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் செல்ல வேண்டும். 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் லூயி பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர், வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பு மருந்து செலுத்தி அவனைக் காத்தார். நம் நீலகிரியிற் குன்னூரில் 1907-ஆம் ஆண்டிலேயே அவர் பெயரால் ஒரு நிலையம் தோன்றியது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் அஞ்சும் அந்தப் பழைய மருந்து இப்போது நம் நாட்டில் இல்லை. இக்காலத்து ஊசியைப் புஜத்தின் தோலிற் சிறிதளவே போடுகிறார்கள். முதல் ஊசி போட்ட நாளை 0 என்று கொண்டு 3, 7, 28 ஆகிய நாட்களில் மற்றவை. காயம் ஆறிவிட்டதென்று நடுவில் நிறுத்தலாகாது. இரத்தம் வந்த காயமானால் புண்ணைச் சுற்றிப் போடும் எதிர்ப்பு மருந்தும் வேண்டும்; அதை எங்கே பெறுவதென்பதை மருத்துவர் சொல்வார்.

கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடுவது முறையன்று. பிடித்துக் கட்ட இயலுமானால் 10 நாள் கவனிக்க வேண்டும். வெறியுள்ள நாய் பெரும்பாலும் அதற்குள் இறந்துவிடும். ஆனால் அந்தப் பத்து நாளும் ஊசி போடாமற் காத்திருக்கக் கூடாது. மாட்டையோ ஆட்டையோ நாய் கடித்தால் அதற்கும் கழுவுதலும் ஊசியும் உண்டு. உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். ஐயத்துக்குரிய மாட்டின் பாலைக் கறந்து பயன்படுத்தலாகாது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். நாய் கடித்தது என்று ஓடிவரும் குழந்தையை அடிக்காதீர்கள், ஏசாதீர்கள். அடிக்கு அஞ்சி மறைக்கப்பட்ட சிறு காயம்தான் அச்சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது.

ஊராட்சி என்ன செய்யலாம்?

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நாம் அறிந்ததே. இந்நோய்க்கு அணை நாய்களுக்குப் போடும் தடுப்பூசிதான். ஓர் ஊரிலுள்ள நாய்களில் 100-க்கு 70 நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் நாய்விட்டு நாய் தாவ வழியின்றி அற்றுப்போகும். 120 நாய்கள் உள்ள ஊரில் 84 நாய்களுக்குப் போட்டாற் போதும். இது நம்மால் இயலாத காரியமா? நாய்வழி வெறிநோயை 2030-க்குள் ஒழிப்பதென்று நம் நாடு 2021-இல் திட்டம் வகுத்திருக்கிறது. அத்திட்டம் நிறைவேறுவது தில்லியிலோ சென்னையிலோ அன்று, நம் தெருக்களில்.

நாய்களைக் கொன்று தீர்த்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது சட்டத்துக்கு விரோதம்; பயனும் இல்லை. கொன்ற இடத்துக்கு ஊசி போடாத வேற்று நாய்கள் வந்து சேரும். 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி, தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுவது உள்ளாட்சிகளின் பொறுப்பு. சோற்றுக் குவியலும் கோழிக் கழிவும் தெருமுனையிற் கிடக்கும்வரை நாய்க்கூட்டமும் அங்கேயே பெருகும். ஆகவே குப்பையை அகற்றுவதும் இதே வேலையின் ஒரு பகுதியே.

இதற்கு நாள் குறித்தே ஒரு யோசனை சொல்கிறோம். ஆகஸ்டு 15 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். அதற்குப் பின்வரும் வாரங்களில் வார்டு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தெருவின் வீட்டு நாய், தெருநாய் இரண்டையும் எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். பாஸ்டர் மறைந்த நாளான செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளை ஒட்டி ஊரில் முகாம் நடத்தக் கால்நடை மருத்துவருக்கு முன்கூட்டியே எழுதுங்கள். 3 மாதம் நிரம்பிய எல்லா நாயையும் கொண்டுவரச் செய்யுங்கள். தெருநாய்க்குச் சோறு வைக்கும் வீட்டாரை அழைத்தால் அவர்கள் குரலுக்கு அது வரும். எத்தனை நாய், எத்தனை ஊசி என்ற கணக்கை அக்டோபர் 2 கிராம சபையிற் படியுங்கள். புதுக் குட்டிகள் பிறந்துகொண்டே இருப்பதால் இதை ஆண்டுதோறும் செய்ய வேண்டும்.

அந்த நோட்டின் பின்பக்கத்தில் நாய்க்கடியையும் எழுதிவாருங்கள்: யாரை, எந்த நாள், ஊசி முடிந்ததா என்று. ஒரு நாய் இயல்பு மாறித் திரிகிறது என்று தெரிந்தால் மனு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். கால்நடை மருத்துவருக்கும் எங்களுக்கும் அப்பொழுதே தொலைபேசியிற் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பி, எந்தக் குழந்தையையாவது அது தொட்டதா என்று கேளுங்கள். நமது அலுவலகத்தில் இனி இத்தகைய செய்தி கோப்புக்குப் போகாது. அன்று மாலைக்குள் ஆள் போகும். இந்த வாக்குறுதியை உங்கள் முன்னிலையில் எங்கள் பணியாளர் அனைவர் சார்பிலும் தருகிறோம்.

நாயும் நலமாக, ஊரும் அச்சமின்றி இருக்க, அந்த நோட்டை இந்த வாரமே வாங்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.